சதுரக் கட்டை, வளைந்த கப்பல்



பட்டணத்துப் பேரங்காடிகளில் விளையாட்டுச் சாமான் விற்கும் பகுதிக்குள் நுழைந்தால், பிள்ளைகளின் கால்கள் தாமாகவே நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. லெகோ என்னும் பிளாஸ்டிக் கட்டைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. பெட்டியின் மேல் அச்சிட்ட கொள்ளையர் கப்பலைப் பார்த்துப் பையன் நிற்பான். பெட்டியின் ஓரத்தில் ஒட்டிய விலையைப் பார்த்துத் தகப்பனார் நிற்பார்.

பெரிய கப்பல் பெட்டி ஒன்றின் விலை பல நூறு வெள்ளி. தோட்டத்துக் குடும்பத்திற்கு அது சின்னத் தொகை அன்று. பட்டணத்துக் குடும்பத்திற்கும் அப்படியே. ஆகவே, "வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டு என்னிடம் வரும் பெற்றோர் உண்டு. ஆனால், "வாங்கிய பிறகு அதை என்ன செய்ய விடுவது?" என்று கேட்டு வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. இந்த மாதம் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

முதலில் கட்டையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் இருந்தார். உலகப் பொருளாதார மந்தத்தில் வீட்டு வேலைகள் குறைந்துபோகவே, 1932-இல் மரத்தில் விளையாட்டுச் சாமான்கள் செய்து விற்கத் தொடங்கினார். "நன்றாக விளையாடு" என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித்தான் லெகோ என்ற பெயர் வந்தது. 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகள் செய்தார்கள். அவை ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தனவே தவிர, இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை. கட்டையின் மேலே குமிழ், உள்ளே குழாய், குமிழைக் குழாய் கவ்விக்கொள்ளும் இன்றைய அமைப்புக்கு 1958-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த அமைப்பில் அன்று செய்த கட்டை இன்று கடையில் வாங்கும் கட்டையோடு பொருந்தும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் விளையாடிய கட்டை தம்பிக்கு ஆகும். சிங்கப்பூரிலுள்ள மாமா வீட்டில், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் கட்டையும் ஆகும். புதிதாக வாங்கினால்தான் கப்பல் கட்டலாம் என்பது இல்லை.

கொள்ளையர் கப்பல்கள் கடைக்கு வந்தது 1989-இல். அதற்கு முன், 1978 முதல் செய்துவந்த பொம்மை மனிதர்களுக்கெல்லாம் ஒரே முகம்தான்: இரண்டு புள்ளிக் கண், ஒரு புன்சிரிப்பு. கொள்ளையர்தான் முதன்முதலாகத் தாடி, மீசை, ஒற்றைக் கண் மறைப்பு, கொக்கிக் கை, மரக்கால் எல்லாவற்றோடும் வந்தார்கள். அவர்களுடைய பெரிய கப்பலுக்கு 'பிளாக் சீஸ் பராகுடா' என்று பெயர். பராகுடா என்பது நம் சீலா மீன்தான். சுமார் 900 துண்டுகள் கொண்ட அந்தக் கப்பலைக் கட்டிய சிறுவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். அவர்களில் பலர் இன்னும் கப்பல் கட்டுவதை விடவில்லை.

"கொள்ளைக்காரன் கப்பலைக் கட்டி என் பிள்ளை என்ன நல்ல புத்தி கற்றுக்கொள்ளப் போகிறான்?" என்று ஒரு தாயார் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. பொம்மைக் கொள்ளையன் சிரித்துக்கொண்டிருப்பான். உண்மைக் கொள்ளையன் அப்படிப்பட்டவன் அல்லன். அதைச் சொல்லிக் கொடுக்கத்தானே பெரியவர்கள் இருக்கிறோம்? கருந்தாடி என்று பேரெடுத்த கொள்ளையன், 1717-இல் கரீபியக் கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்தான். அதற்கு 'குவீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்' என்று பெயர் மாற்றிப் பீரங்கிகளை ஏற்றினான். அவன் பிடிப்பதற்கு முன் அது என்ன கப்பல் தெரியுமா? ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச்சென்று விற்ற அடிமைக் கப்பல். 1718-இல் அமெரிக்காவின் வட கரோலினாக் கரையருகே அது தரைதட்டியது. அதே ஆண்டில் கருந்தாடியும் சண்டையில் கொல்லப்பட்டான். 1996-இல் அந்தக் கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்து, பீரங்கிகளை எடுத்துக் கரை சேர்த்தார்கள்.

2011-இல் இதே பெயரில் லெகோக் கப்பல் ஒன்று விற்பனைக்கு வந்தது. அது திரைப்படத்திலிருந்து எடுத்த கற்பனைக் கப்பல். அதைக் கட்டும் பிள்ளை மேல்தட்டை மூடும்போது, "இதன் கீழே யார் இருந்தார்கள்?" என்று நாம் கேட்டால், அரை மணி நேரச் சரித்திரப் பாடம் தானாக நடக்கும். கப்பலை மறைப்பதைவிடக் கப்பலைக் காட்டிப் பேசுவது மேல் என்பது என் எண்ணம்.

இனிக் கட்டும் முறைக்கு வருவோம். பெட்டியில் வரும் கப்பல்கள் பலவற்றில், தண்ணீரைத் தொடும் உடற்பகுதி வார்த்தெடுத்த பெரிய துண்டுகளாகவே இருக்கும். முன்மூக்குக்கு ஒன்று, நடுவுக்குச் சில, பின்புறத்துக்கு ஒன்று என்று சேர்த்தால் கப்பலின் உடம்பு முடிந்தது. உண்மையில் கப்பல் கட்டுவதில் கடினமான வேலை அதுதான். அதைத் தொழிற்சாலையே செய்து கொடுத்துவிடுகிறது. நுணுக்கமாகக் கட்டும் ஆர்வலர்கள் அந்தத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, சாதாரணக் கட்டைகளாலேயே உடம்பைக் கட்டுகிறார்கள். கட்டையோ சதுரம், கப்பலோ வளைவு. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நாம் பிள்ளைகளைக் கேட்போம். எந்த வயதிலும் வளையாத பிளாஸ்டிக் கட்டையை வளைந்த கப்பலாக்குவது எப்படி? முழு விளையாட்டும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

அதற்குச் சில வழிகள் உண்டு. எளிய வழி, தலைகீழ்ச் சரிவுக் கட்டைகளை வரிசை வரிசையாக வெளியே தள்ளி அடுக்கி, அடியில் ஒடுங்கி மேலே விரியும் உடம்பைக் கட்டுவது. அடுத்த வழி, உண்மையான கப்பல் தச்சர் செய்வதைப் போல நடுவில் நீளமாக அடிமரம் வைத்து, அதிலிருந்து விலா எலும்புகள் போலச் சட்டங்களை எழுப்பி, அவற்றின் மேல் பலகைகளைப் பக்கவாட்டில் பொருத்துவது. இதற்குப் பக்கத்திலும் குமிழ் உள்ள கட்டைகள் வேண்டும். முன்மூக்கை ஒடுக்குவதற்குக் கீல் வைத்த துண்டுகள் உதவும். கதவு திரும்புவது போலச் சுவர் முழுவதும் உட்பக்கம் திரும்பிக் கொடுக்கும்.

இங்கேதான் கணக்குப் பாடம் வருகிறது. ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். கட்டையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கே உள்ள தட்டையான துண்டைத் தகடு என்று வைத்துக்கொள்வோம். அதன் உயரம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடுகளை அடுக்கினால் எவ்வளவு? 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ்களின் அகலம்? அதுவும் 16 மில்லிமீட்டர். ஆகவே இரண்டு குமிழ் அகலமுள்ள இடைவெளியில், புத்தகங்களை அடுக்குவது போல ஐந்து தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தினால் மயிரிழை பிசகாமல் நிறையும். நடுவில் ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள தகடு ஒன்றும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் அரைக் குமிழ், அதாவது 4 மில்லிமீட்டர் தள்ளி அடுக்கலாம். படிக்கட்டு போல இருந்த முன்மூக்கு அப்போது வளைவு போலத் தோன்றத் தொடங்கும். தசமப் பெருக்கல் என்றால் முகத்தைச் சுளிக்கும் பிள்ளைகள், தகடு இடைவெளியில் சிக்கிக்கொள்ளும்போது மட்டும் கணக்கைச் சரியாகப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அளவு விகிதம் இன்னொரு பாடம். பொம்மை மனிதனின் உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். உண்மை மனிதனின் உயரத்தை 170 சென்டிமீட்டர் என்று கொண்டால், நாற்பது மடங்குக்குச் சற்று அதிகம். அந்தக் கணக்கில் 30 மீட்டர்க் கப்பல் மேசை மேல் சுமார் 70 சென்டிமீட்டர் ஆகவேண்டும். ஆனால் நம் பொம்மை மனிதன் உயரத்திற்குப் பொருந்தாத பருமன் உடையவன். அப்படிப்பட்ட இருவர் பீரங்கிக்கும் பாய்மரத்துக்கும் நடுவே ஒருவரை ஒருவர் கடந்துபோக வேண்டுமானால், தட்டை அகலப்படுத்த வேண்டும். அகலத்தைக் கூட்டினால் நீளத்தையும் கூட்ட வேண்டும். நீளத்தைக் கூட்டினால் கட்டை போதாது. எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பிடித்துக்கொள்வது என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். குடும்பம் நடத்தும் நமக்கு இந்தக் கணக்கு புதிதா என்ன?

பின்புறத்தை மாளிகை போல உயர்த்தி, சன்னலும் விளக்கும் வைத்து அழகு பார்ப்பதில் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். அப்போது சுவீடன் நாட்டு 'வாசா' கப்பலின் கதையைச் சொல்லுங்கள். அது கொள்ளையர் கப்பல் அன்று, அரசரின் போர்க்கப்பல். மேற்புறம் பளு மிகுந்ததால், 1628-இல் தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள் சாய்ந்து மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961-இல் வெளியே எடுத்தார்கள். நம் மேசைக் கப்பல் தண்ணீரில் மிதக்கப் போவதில்லை. இடுக்கு வழியே தண்ணீர் புகுந்துவிடும். என்றாலும் மேலே பளு ஏற ஏற, அடியிலுள்ள மூட்டுகள் விட்டுக்கொடுக்கும். அடிப்பகுதியைக் கட்டும்போதே ஒரு கட்டையின் மூட்டுக்கு மேல் இன்னொரு கட்டையின் நடு வருமாறு, கொத்தனார் செங்கல் அடுக்குவது போல அடுக்கவேண்டும்.

இப்போது எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டில் ஒரு பையன். அவன் தகப்பனார் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். மகன் நன்றாகப் படித்தான் என்று, மிகுதிநேர வேலைப் பணத்தைச் சேர்த்து வைத்து ஒரு கப்பல் பெட்டி வாங்கிக் கொடுத்தார். நான்கு நாளில் பையன் கட்டி முடித்தான். ஐந்தாம் நாள் கப்பல் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிக்குள் ஏறிவிட்டது. வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள், பாராட்டினார்கள். பையன் மட்டும் தொடக்கூடாது. "உடைந்துபோனால் திரும்ப வாங்க முடியுமா?" என்பது தகப்பனாரின் கவலை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெட்டியில் அவருடைய எத்தனை இரவுகள் இருந்தன என்பது அவருக்குத்தான் தெரியும்.

பள்ளியில் எங்களிடம் இரண்டு பிஸ்கட் டின் நிறையக் கட்டைகள் இருக்கின்றன. பழைய மாணவர் ஒருவர் கொடுத்தவை. நிறம் நிறமாக, அளவு அளவாகக் கலந்து கிடப்பவை. சனிக்கிழமை காலைகளில் பையன் அதைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கணக்குப் புத்தகத்துச் சதுரக் கட்டத்தில், ஒரு கட்டத்துக்கு ஒரு குமிழ் என்று படம் போட்டுக்கொண்டான். முதல் முன்மூக்கு வாயைப் பிளந்த முதலை போல இருந்தது. இரண்டாவது கையில் எடுத்ததும் கழன்று விழுந்தது. மூன்றாவதில்தான் விலாச் சட்டம் வைக்கவேண்டும் என்று அவனாகவே கண்டுபிடித்தான். பழுப்புக் கட்டைகள் போதவில்லை. கறுப்பையும் சாம்பலையும் ஊடே கலந்தான். அது வெயிலிலும் உப்பிலும் அடிபட்ட பழைய பலகை போலவே அமைந்துவிட்டது. எட்டு வாரம் ஆயிற்று.

பெற்றோர் வருகை நாளன்று தகப்பனார் அந்தக் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது எந்தப் பெட்டி, சார்? என்ன விலை?" என்று கேட்டார்.

"பெட்டி இல்லைங்க. உங்கள் பையனே யோசித்துக் கட்டியது" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பாய்மரம் இல்லாமல் மொட்டையாக நின்ற மேல்தட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை பையன் ஒரு துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். பிரித்தால் மூன்று பாய்மரங்கள், பாய்களோடு. "அப்பாவே அலமாரியைத் திறந்து கழற்றிக் கொடுத்தார், சார்" என்றான்.

வாசகர்களே, இந்தத் தகப்பனார் செய்தது சின்னக் காரியம் அன்று. கட்டிய கப்பலைக் கழற்றினால் காசு போய்விட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கழற்றாமல் வைத்திருந்தால்தான் காசு போகிறது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால், அவற்றை 915,103,765 விதமாகச் சேர்க்கலாம் என்று டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். பெட்டிக்குள் வரும் புத்தகம் சொல்லிக் கொடுப்பது ஒரே ஒரு விதத்தை. அதைப் பார்த்துக் கட்டுவது வீண் என்று நான் சொல்லவில்லை. எழுத்துப் பழகும் பிள்ளை முதலில் பார்த்துத்தான் எழுதவேண்டும். ஆனால் எந்த வகுப்பிலும் பார்த்து எழுதுவதோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. சொந்தமாக ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறோம் அல்லவா?

அந்த நிறுவனமே இதற்கு ஒரு சாட்சி தந்திருக்கிறது. 1989-இன் பராகுடாக் கப்பலை நினைவுகூர்ந்து 2020-இல் ஒரு பெரிய பெட்டி வெளியிட்டார்கள்; அதில் 2,545 துண்டுகள். அந்த யோசனை ரசிகர் ஒருவர் தாமே கட்டி அனுப்பியது. அதில் கப்பல் எப்படி இருக்கிறது தெரியுமா? உடைந்துபோய் ஒரு தீவில் ஒதுங்கி, கொள்ளையர்கள் குடியிருக்கும் வீடாக மாறியிருக்கிறது. வேண்டுமானால் அந்தப் பகுதிகளை நகர்த்திச் சேர்த்து மறுபடி கப்பலாக்கலாம். உடைந்த கப்பலிலும் கதை உண்டு என்று கண்டவர், அதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்தவராக இருந்திருக்க முடியாது.

ஜொகூரில் 2012-இல் திறந்த லெகோலேண்டுக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள், கட்டைகளாலேயே கட்டிய இரட்டைக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதையும் யாரோ சிலர் முதலில் தாளில் வரைந்து, கணக்குப் போட்டு, தவறிய இடத்தைக் கழற்றித் திரும்பக் கட்டியிருக்க வேண்டும்.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

முதலாவது, பெரிய பெட்டி வாங்கப் பணம் இல்லையே என்று ஏங்கவேண்டாம். பழைய கட்டைகளை எடைக்கு விற்பவர்கள் உண்டு. உறவினர் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். வாங்கிய கட்டைகளை இளஞ்சூடான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையால் கழுவுங்கள். கொதிநீர் ஊற்றினால் கட்டை கோணிப்போகும். நிழலில் உலர்த்துங்கள், வெயில் பட்டால் வெள்ளைக் கட்டை மஞ்சளாகும்.

இரண்டாவது, கப்பலை மூன்று பகுதியாகக் கட்டச் சொல்லுங்கள். முன்மூக்கு, நடு, பின்புறம் என்று தனித்தனியே கட்டிச் சேர்த்தால், ஒன்று உடைந்தாலும் மற்றவை நிற்கும்.

மூன்றாவது, பாய்க்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய வெள்ளை வேட்டித் துண்டு போதும். கடுந்தேநீரில் ஊறவைத்தால் கடற்காற்றில் பழுத்த நிறம் வரும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, ஒரு கிண்ணத்தின் முதுகில் காயவைத்தால் காற்று நிறைந்த பாய் போல விறைத்து நிற்கும். கயிறுகளுக்குத் தையல் நூல் ஆகும். இந்த வேலையில் அக்காளும் பாட்டியும் சேர்ந்துகொள்ளலாம்.

நான்காவது, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் கட்டைகளைத் தரையில் விடவேண்டாம். வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் சிக்கும். ஒரு பழைய பாயை விரித்து அதன்மேல் கட்டச் சொன்னால், முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடலாம்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கட்டிய முன்மூக்கு கோணலாக இருக்கும். உங்கள் கை துறுதுறுக்கும். நீங்கள் அதை நிமிர்த்திவிடாதீர்கள். "இது ஏன் விழுகிறது என்று நினைக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள். வகுப்பறையில் நாற்பது நிமிடத்துக்குள் பாடம் முடிக்கவேண்டிய எங்களால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடிவதில்லை. வீட்டில் உங்களால் முடியும்.

விடுமுறையில் உங்கள் பிள்ளைகள் என்ன கட்டினார்கள், எந்த இடத்தில் திணறினார்கள், எப்படி வழி கண்டார்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.